பெங்களூரு பழைய கார் தமிழ்நாட்டுக்கு வரும்போது

கர்நாடகப் பதிவுள்ள பழைய காரை வாங்குபவர்கள் பெரும்பாலும் விலையை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். இங்கே கட்ட வேண்டிய ஆயுட்கால வரியையும் சேர்த்துப் பாருங்கள். காரின் வயதையும் முதல் விலையையும் வைத்து அது கணக்கிடப்படும் என்பதால், புது மாடல் என்றால் நன்றாகவே கடிக்கும்.

முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் விற்பவரிடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்று கர்நாடக ஆர்.டி.ஓ. தரும் சான்று, படிவம் 28) வாங்கச் சொல்லுங்கள். இ-சலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருந்தால் என்.ஓ.சி. அதிலேயே நின்றுவிடும். கார் மேல் கடன் இருந்தால், அது முடிந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். சேஸிஸ் எண்ணை (காரின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்) பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கும்போது துரு, கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் முதலில் துடையுங்கள். ஓர் இலக்கம் மங்கினாலும் திருப்பி அனுப்புவார்கள்.

என்.ஓ.சி.யில் உங்கள் முகவரிக்குரிய ஆர்.டி.ஓ. பெயர்தான் இருக்க வேண்டும். தாம்பரத்தில் இருப்பவர் வெறுமனே 'சென்னை' என்று எழுதி வாங்கினால் மறுபடி பெங்களூருக்கு நடக்க வேண்டும்.

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் விற்பவரின் கையெழுத்தைக் கார் கைமாறும் அன்றே வாங்கிவிடுங்கள். புது எண்ணுக்குப் படிவம் 27. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். தவறினால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் கேட்கும்போது சிக்கல்தான். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

கர்நாடகத்தில் கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். அது யாருக்குச் சேரும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.