ஜெபத்தில் சந்தேகம் வரும்போது பலரும் செய்யும் தவறுகள்

செவ்வாய்க்கிழமைகளில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்துக்கு மக்கள் பொதுப்படையான வேண்டுதல்களோடு வருவதில்லை. விசா, உயர்தரப் பெறுபேறு, பிள்ளைப் பாக்கியம், மகனின் குடி என்று குறிப்பாகவே கேட்கிறார்கள். நவநாள் முடிந்தும் கேட்டது கிடைக்காவிட்டால் சந்தேகம் எழுவதில் ஆச்சரியமில்லை. மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம் முடித்துப் போகிறவர்களுக்கும் இது புதிதல்ல. அந்தச் சந்தேகத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றுமே இல்லாததுபோல் உள்ளே போய் ஜெபிக்கப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சந்தேகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் குறைந்தது மூன்று வகை உண்டு. கடவுள் இருக்கிறாரா என்பது ஒன்று. இருக்கிறார், ஆனால் என் குரலைக் கேட்கிறாரா என்பது இரண்டாவது. கேட்கிறார், ஆனால் எனக்கு இதைத் தருவாரா என்பது மூன்றாவது. முதல் வகைக்கு வாசிப்பும், கேள்விக்கு முகம் சுளிக்காத ஒருவரோடு பேச்சும் வேண்டும். இரண்டாவதின் அடியில் பெரும்பாலும் ஏதோ ஒரு குற்ற உணர்வு கிடக்கும். பாவசங்கீர்த்தனமோ (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது), யாரிடமாவது கேட்க வேண்டிய மன்னிப்போ பாக்கி இருக்கும். மூன்றாவதற்கு, பிடிபடுமுன் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டப் பகுதியை வாசிக்க வேண்டும். எந்த வகை என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்று சொல்வது, நோயைக் கேட்காமலே மருந்து கொடுப்பதுதான். ஒரு தாளில் ஒரே வாக்கியத்தில் உங்கள் சந்தேகத்தை எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அது சந்தேகமாக இல்லாமல் வெறும் களைப்பாகவும் இருக்கலாம்.

அடுத்த தவறு, சந்தேகத்தைச் சத்தத்தால் அமுக்குவது. சாட்சி நேரத்தில் பதில் கிடைத்தவர்கள் மட்டுமே மேடையேறுகிறார்கள். கிடைக்காதவர் பின் வரிசையில் இருந்து மற்றவர்களைவிடச் சத்தமாக "ஆமென்" சொல்கிறார். நாளடைவில் அவருடைய ஜெபத்தில் அவருடைய சொல் ஒன்றுகூட மிஞ்சாது. மாற்கு 9இல் பிள்ளையின் சுகத்துக்காக இயேசுவிடம் வரும் தகப்பன் அப்படிச் செய்யவில்லை. "விசுவாசிக்கிறேன், ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். விசுவாசம் முழுமையாகட்டும் என்று இயேசு காத்திருக்காமல் பிள்ளையைச் சுகமாக்கினார்.

நடைமுறைக்குச் சங்கீதம் 13ஐ எடுத்துக்கொள்ளலாம். கத்தோலிக்க விவிலியத்தில் அது திருப்பாடல் 13. ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது, அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. பத்து நிமிடத்தை இதே வரிசையில் பிரியுங்கள்: முறைப்பாட்டுக்கு ஐந்து, வேண்டுதலுக்கு மூன்று, நன்றிக்கு இரண்டு. முறைப்பாட்டை வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள்: "ஆண்டவரே, மூணு வருசமா கேட்டுக்கிட்டே இருக்கேன், ஏன் பேசாம இருக்கீங்க?" பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான்: ஒரு நிமிடம் குறை சொன்னதுமே பயந்து நன்றிக்குத் தாவிவிடுகிறார்கள். ஐந்து நிமிடமும் இருங்கள். நன்றி வராத நாளும் உண்டு. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை.

யாக்கோபு 1:6ஐ எடுத்து, சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று நோயாளியின் கட்டிலருகே வாசிப்பவர்கள் உண்டு. அதற்கு முந்திய வசனம் ஞானத்தைக் கேட்பதைப் பற்றியது. சுகம் கிடைக்காததற்குக் காரணம் சொல்லும் வசனம் அல்ல அது. பவுல் தம் மாம்சத்திலுள்ள முள் நீங்க மூன்று முறை வேண்டினார்; முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. கெத்செமனேயில் இயேசுவும் மூன்று முறை ஜெபித்தார், துன்பத்தின் பாத்திரம் நீங்கவில்லை. இவர்களுக்கு விசுவாசம் போதாது என்று யாரும் சொல்வதில்லை. விசுவாசத்தைக் காட்டுவதற்காக இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்துவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அப்படிச் சொல்பவர் போதகராக இருந்தாலும் கேட்கவேண்டாம்.

"ஐந்து மணிக்குள் போன் வந்தால் நீர் இருக்கிறீர்" என்று அடையாளம் கேட்பதும் உதவாது. தோலை விரித்து அடையாளம் கேட்ட கிதியோனுக்கு முதல் அடையாளம் போதவில்லை, மறுநாளும் கேட்டார்.

இன்னொரு தவறு, ஜெபத்தில் மனம் ஒட்டாத வறட்சிக் காலத்தில் ஜெபத்தையே விட்டுவிடுவது, அல்லது இந்த ஞாயிறு கொட்டாஞ்சேனை, அடுத்த ஞாயிறு வெள்ளவத்தை என்று சபை மாறுவது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் 1548இல் அச்சான 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு இரண்டு விதிகள் உண்டு: வறட்சியில் முன்னைய தீர்மானத்தை மாற்றக்கூடாது, ஒதுக்கிய நேரத்தைக் குறைக்காமல் சற்றுக் கூட்டியே இருக்க வேண்டும். பத்து நிமிடம் என்று வைத்திருந்தால் பதினொன்றாவது நிமிடம் எழும்புங்கள். அதற்காக வாரத்துக்கு மூன்று முழு இரவு ஜெபம் வேண்டாம். சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குக் கடவுள் முதலில் கொடுத்தது நித்திரையும் சாப்பாடும், அதுவும் இரண்டு தடவை. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, பசி, எதிலும் விருப்பம் இல்லாமல் போனாலோ, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தாலோ அதை ஆவிக்குரிய சோதனை என்று மட்டும் எண்ணி இருக்கவேண்டாம். வைத்தியரைப் பாருங்கள், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

இனி, சந்தேகப்படுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் உறவுகளை இழந்தவர்களிடம் "எல்லாம் தேவ சித்தம்" என்று உடனே சொல்வது ஆறுதல் ஆகாது. பிள்ளைகளை இழந்த யோபின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாய் திறந்த பிறகுதான் பிழையானது. யோபைப்போல் அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே யோபு 42ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். கேள்வி கேட்கிறவரின் பெயரை ஜெபக்குழு வட்ஸ்அப்பில் போடவேண்டாம்; அடுத்த முறை அவர் எவரிடமும் வாய் திறக்கமாட்டார். இயேசு உயிர்த்ததை நம்பமாட்டேன் என்ற தோமாவைச் சீஷர்கள் வெளியே அனுப்பவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர் அவர்களோடுதான் உள்ளே இருந்தார். சந்தேகப்படுகிறவர் தாளில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை வாங்கி வாசியுங்கள், திருத்த வேண்டாம். "நான் ஜெபிக்கவா, இல்லை சும்மா இருக்கவா?" என்று கேட்டு, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.