பாகிஸ்தான் எலெக்ஷன் நியூஸ் படிக்கறீங்களா, ரிசல்ட்டை கடைசியா பாருங்க

பாகிஸ்தான்ல எலெக்ஷன் வந்தா நம்மாளுங்க முதல்ல கேக்கறது "யாருப்பா ஜெயிச்சா"ன்னுதான். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் பாத்துட்டு இருந்தேன், ஒண்ணும் புரியாது, ஜெயிச்சவர் ரெண்டு மூணு வருஷத்துல வீட்டுக்கோ ஜெயிலுக்கோ போயிடுவார். 1947லேர்ந்து ஒரு பிரதமர்கூட அஞ்சு வருஷத்தை முழுசா முடிச்சதில்ல. ஏன்னா அங்க நிஜ அதிகாரம் ஆர்மிகிட்ட. ஆர்மிகிட்ட துப்பாக்கி இருக்கு, பணம் இருக்கு, இல்லாதது "இது செல்லும்"னு ஒரு கையெழுத்து மட்டும்தான், அதை ஒவ்வொரு தடவையும் யார்கிட்டயாவது வாங்கியாகணும். இந்தத் தடவை யார்கிட்ட வாங்கறாங்கன்னு தேடிப் படிங்க, பாதி குழப்பம் போயிடும்.

முதல்ல பாஷை. "எஸ்டாப்ளிஷ்மென்ட்"னு போட்டிருந்தா ராவல்பிண்டி ஆர்மி ஹெட்குவார்ட்டர்ஸ்னு படிச்சுக்கங்க, நேரா பேர் சொன்னா வம்பு. 2018 எலெக்ஷன்ல ஒரு வேட்பாளர், உளவுத்துறை ஆளுங்க என்னை அடிச்சாங்கன்னு சொல்லிட்டு அப்புறம் இல்லல்ல அவங்க விவசாய இலாகாக்காரங்கன்னு மாத்திப் பேசினார், அன்னிலேர்ந்து அங்க "விவசாய இலாகா"ன்னாலே எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் "லோட்டா". நம்ம ஊர்ல காபி குடிக்கற லோட்டா, அங்க கக்கூஸுக்கு எடுத்துட்டுப் போற சொம்பு, கட்சி தாவறவங்களுக்கு அதான் பேரு. எலெக்ஷனுக்கு முன்னாடி லோட்டாங்க எந்தப் பக்கம் உருளுதுன்னு பாத்தாலே ராவல்பிண்டி யார் பக்கம்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

கோர்ட் தீர்ப்பு வந்தா தீர்ப்பை விட தேதியை கவனிங்க. 1999 அக்டோபர்ல ராணுவத் தளபதி முஷாரஃப் ஆட்சியை பிடிச்சார், 2000 ஜனவரியில ஜட்ஜுங்க அவர் உத்தரவுக்கு கட்டுப்பட்டு புதுசா சத்தியப்பிரமாணம் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, மாட்டேன்னவங்க தலைமை நீதிபதி உட்பட வீட்டுக்கு, மே மாசம் மிச்சம் இருந்த சுப்ரீம் கோர்ட் "அவசியம் கருதி செல்லும், 3 வருஷத்துல எலெக்ஷன் வைங்க"ன்னு சொல்லிடுச்சு. 1958லயும் 1977லயும் வந்த ராணுவ ஆட்சியையும் கோர்ட் செல்லும்னுதான் சொல்லிச்சு. 1969ல ஆட்சிக்கு வந்த தளபதி யாஹ்யா கானை மட்டும் ஆட்சியை அபகரிச்சவர்னு சொன்னாங்க, எப்ப? 1972ல, அவர் பதவி போனதுக்கப்புறம்!

வாக்கெடுப்புன்னா கேள்வியை முழுசா படிங்க. 1984 டிசம்பர்ல, அப்ப ராணுவ ஆட்சி நடத்திட்டு இருந்த ஜெனரல் ஜியா வெச்ச கேள்வி, சட்டங்களை இஸ்லாமிய நெறிக்கு ஏத்த மாதிரி மாத்தற வேலையை ஆதரிக்கறீங்களான்னு. யார் இல்லைன்னு சொல்லுவா? ஆனா ஆமாம்னு போட்டா இன்னும் 5 வருஷம் ஜியாதான் ஜனாதிபதின்னு அர்த்தம், கேள்வில அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அரசாங்கக் கணக்குல 97 சதவீதத்துக்கு மேல ஆமாம்.

இப்ப ரொம்ப முக்கியமானது, ஃபார்ம் 45, ஃபார்ம் 47. பூத்ல ஓட்டு எண்ணி முடிச்சதும் அங்க இருக்கற ஆபீசர் கையெழுத்து போட்டு ஏஜென்ட்டுங்களுக்கு குடுக்கறது 45. அதையெல்லாம் வெச்சு தொகுதிக்கு மொத்தமா தேர்தல் அதிகாரி போடறது 47. கூட்டினா ஒத்துப் போகணும், அவ்வளவுதான் கணக்கு. 2024 பிப்ரவரி 8 எலெக்ஷனுக்கு முன்னாடியே இம்ரான் கான் ஜெயில்ல, கட்சியோட பேட் சின்னம் போயிடுச்சு, ஆளுங்க சுயேச்சையா ஒருத்தர் கத்தரிக்காய் சின்னம் ஒருத்தர் வேற ஏதோன்னு நின்னாங்க, ஓட்டு போடற அன்னிக்கு மொபைல் நெட்வொர்க்கும் கட். அப்படியும் 90க்கு மேல சீட்டு, எந்தக் கட்சியையும் விட அதிகம். எங்க கையில இருக்கற 45 ஒண்ணு சொல்லுது உங்க 47 வேற சொல்லுதுன்னு அவங்க சண்டை போட, வந்த அரசாங்கத்துக்கு "ஃபார்ம் 47 சர்க்கார்"னே பேர் விழுந்துடுச்சு. ஆளுக்காள் சொல்றதுதானேன்னு நினைக்காதீங்க, கராச்சியில ஜமாத்தே இஸ்லாமி கட்சித் தலைவர் ஹாஃபிஸ் நயீமுர் ரஹ்மான், ஜெயிச்சது நான் இல்ல இம்ரான் கட்சி ஆள்தான்னு சொல்லி தனக்கு குடுத்த மாகாண சீட்டையே வேணாம்னுட்டார். ஜெயிச்சவரே இப்படி சொல்லி நான் வேற எங்கயும் கேள்விப்பட்டதில்ல.

தளபதிங்க பேசறதையும் கேளுங்க, ஆனா ரிட்டயர் ஆகற நேரத்துல பேசறதை. 2022 நவம்பர்ல போறதுக்கு முன்னாடி ராணுவத் தளபதி ஜெனரல் பாஜ்வாவே, ஆர்மி பல வருஷமா அரசியல்ல தலையிட்டது, அது அரசியலமைப்புக்கு விரோதம்னு ஒத்துக்கிட்டார்.

கடைசியா பார்லிமென்ட். இப்பல்லாம் கையெழுத்து அங்கதான் வாங்கறாங்க. 2024 நவம்பர்ல தளபதிங்க பதவிக்காலம் 3லேர்ந்து 5 வருஷம் ஆச்சு. 2025 நவம்பர்ல அரசியலமைப்போட 27ஆவது திருத்தம் வந்து படைங்களைப் பத்தின 243ஆவது பிரிவை மாத்திச்சு, முப்படைக்கும் மேல ஒரு பதவி, அது ராணுவத் தளபதிக்கே, ராணுவத்தோட உச்ச பட்டமான ஃபீல்ட் மார்ஷல் வாங்கினவருக்கு ஆயுசு முழுக்க கேஸ்லேர்ந்து பாதுகாப்பு. இதுல எத்தனை ஓட்டுன்னு பாக்கறதோட எத்தனை நாள்னும் பாருங்க. மசோதா செனட்டுக்கு வந்ததுலேர்ந்து ஜனாதிபதி கையெழுத்து விழற வரைக்கும் ஒரு வாரம்கூட ஆகல.