பாய்லர் பழுதாகவில்லை, குழாய்தான் உறைந்திருக்கிறது

போன ஜனவரியில் ஒரு காலை, லண்டனில் பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா கூப்பிட்டார். "தம்பி, பொயிலர் கொழுக் கொழுக் எண்டு சத்தம் போட்டுட்டு நிண்டுட்டுது. வீட்டில சின்னப் பிள்ளை இருக்கு." போய்ப் பார்த்தேன். பின்சுவரில் இறங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயின் வாயில் விரல் நீளத்துக்குப் பனிக்கட்டி தொங்கியது. வீட்டைச் சூடாக்கும் அந்த எரிவாயு பாய்லரில் ஒரு கோளாறும் இல்லை.

இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பொருத்திய எரிவாயு பாய்லர்கள் அநேகமாகக் கண்டென்சிங் வகைதான். எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகும். பழைய பாய்லர்கள் அதைச் சூட்டோடு வெளியே விட்டுவிடும். இவை புகையைக் குளிரவைத்து, நீராவியைத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் வீட்டுக்கே எடுத்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீர் வெளியே போகும் வழிதான் அந்த வெள்ளைக் குழாய். அது உறைந்தால், தண்ணீர் பாய்லருக்குள் ஏறும். உடனே பாய்லர் தானே நின்றுவிடும்.

அக்கா அதற்குள் ஏழெட்டு முறை ரீசெட் அழுத்தியிருந்தார். அடைப்பு நீங்காமல் எத்தனை முறை அழுத்தினாலும் பலனில்லை. அப்புறம் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கையில் வைத்திருந்தார். நான் பதறிப்போய்த் தடுத்தேன். உறைந்த பிளாஸ்டிக்கில் கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம், கையும் வெந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். இல்லையென்றால் வெந்நீர்ப் பையைக் குழாயின் வளைவில் கட்டி வைக்கலாம். வளைவிலும் வாயிலும்தான் பெரும்பாலும் உறையும். தரையில் சிந்திய தண்ணீரும் உறைந்து வழுக்கும், அதையும் துடைத்துவிடுங்கள். குழாய் உயரத்தில் இருந்தால் பனியில் ஏணி போட்டு ஏறவே வேண்டாம்.

பாய்லரின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றக் கூடாது. அது கேஸ் சேஃப் என்ற எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் பெயர் உள்ளவரின் வேலை.

உண்மையில் தவறு நடப்பது குழாய் பொருத்தும் நாளில்தான். வீட்டுக்குள் ஓடும் 21.5 மில்லிமீட்டர் குழாயை அப்படியே வெளியே நீட்டிவிடுகிறார்கள். சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர் அந்த ஒல்லிக் குழாயில் சீக்கிரம் உறைந்துவிடும். வெளியே 32 மில்லிமீட்டராவது வேண்டும். மீட்டருக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத சரிவும் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நடுவில் தேங்கி நிற்கும். வெளியே ஓடும் தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெளியே போகாமல் உள்ளேயே சமையலறை சிங்க்கின் கழிவுக் குழாயில் சேர்ப்பதுதான் என் கணக்கில் முதல் வழி.

அக்கா வீட்டுக் குழாய்க்குக் குளிர் தாக்காத உறை போட்டிருந்தார்கள். ஆனால் நேரான பகுதிக்கு மட்டும். இரண்டு வளைவும் வெறுமையாக இருந்தன, அங்கேயும் உறைந்திருந்தது. உறை மழைநீர் புகாத வகையாகவும் இருக்க வேண்டும். ஊறிய உறை குளிரைத் தடுக்காது.

செம்புக் குழாய் உறுதியானது என்று சிலர் அதைக் கேட்கிறார்கள். வேண்டாம். இந்தத் தண்ணீர் புளிப்பு நீர், அதன் பிஹெச் 3, 4 அளவில் இருக்கும். செம்பை அரித்துவிடும். பிளாஸ்டிக்தான் சரி.

கடும் உறைபனி வரப்போகிறது என்றால் ஹீட்டிங்கை விட்டுவிட்டுப் போடாமல் தொடர்ந்து ஓடவிடுங்கள். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போகும் தண்ணீரின் சூட்டையும் அந்த இரண்டு மூன்று நாளுக்குக் கூட்டி வையுங்கள். புகையிலிருந்து இறங்கும் தண்ணீர் குறையும்.

அன்று மூன்று ஜக் தண்ணீர் ஊற்றியதும் பனிக்கட்டி கழன்று விழுந்தது, உள்ளே தேங்கியிருந்தது மளமளவென்று கொட்டியது. ஒரு முறை ரீசெட் அழுத்தினோம், பாய்லர் பற்றிக்கொண்டது. மார்ச்சில் அக்கா அந்தக் குழாயை சிங்க்குக்கே மாற்றிவிட்டார்.