உங்களைச் சுற்றி இருப்பவர்களை நடக்க வைப்பது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கான செய்முறை

உடம்பை அசைத்தால் நல்லது என்பது தெரியாதவர் யாரும் இல்லை. இருந்தும் உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2022இல் உலகின் பெரியவர்களில் 31 சதவீதம் பேர், ஏறத்தாழ 180 கோடிப் பேர், தேவையான அளவு உடலை அசைக்கவில்லை. 2010இல் இது 26 சதவீதமாக இருந்தது. இப்படியே போனால் 2030இல் 35ஐத் தொடுமாம். இத்தனைக்கும் அதே 2030க்குள் இதை 15 சதவீதம் குறைப்போம் என்று 2018இல் உலக நாடுகள் சேர்ந்து ஒரு செயல்திட்டமே போட்டிருக்கின்றன.

ஆக, அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. அறிவுரை சொன்ன பிறகு என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். அலுவலகமோ பள்ளியோ குடியிருப்போ, உங்கள் கைக்கு எட்டும் ஓர் இடத்தில் சிலரையாவது எழுந்து நடக்க வைக்க நினைக்கிறீர்கள் என்றால், இந்த வரிசையில் செய்து பாருங்கள். மருத்துவப் படிப்பு, விளையாட்டு அனுபவம் எதுவும் வேண்டாம்.

1. எவ்வளவு போதும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2020இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் இது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கம். அத்துடன் வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது கால் தடுமாறாமல் நிற்க உதவும் சமநிலைப் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம்.

மிதமானது எது, கடுமையானது எது என்று கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச்சுக் கொடுங்கள். பேச முடிகிறது, ஆனால் பாடச் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்றால் அது மிதமானது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சுக்கு நிறுத்த வேண்டியிருந்தால் கடுமையானது. சாவகாசமாகப் பாட்டே பாட முடிகிறதா? கொஞ்சம் வேகத்தைக் கூட்டுங்கள்.

ஒரு நல்ல சேதி: ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் மாடி ஏறினாலும் கணக்குதான். வீட்டு வேலை, வேலைக்கு நடந்து போவது, சைக்கிள் மிதிப்பது எல்லாமே சேரும்.

அப்புறம், தினமும் 10,000 காலடி என்ற இலக்கைப் பலகையில் எழுதி மாட்டாதீர்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவுக் கருவியோடு பரவிய எண் அது. அந்த எண்ணைத் தொட்டால் நல்லதுதான், ஆனால் அதற்கு வெகு முன்பே பலன் கிடைக்கத் தொடங்கிவிடுகிறது. நாளுக்கு 2,000 காலடிகூட நடக்காத ஒருவர் அந்தப் பலகையைப் பார்த்தால், நமக்கு இது ஆகாது என்று ஒதுங்கிவிடுவார்.

2. யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

எந்த அறிவிப்பு ஒட்டினாலும் முதலில் வந்து நிற்பது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்தான். அவர் வரட்டும், ஆனால் நீங்கள் தேட வேண்டிய ஆள் அவர் இல்லை. உட்கார்ந்தே இருப்பவர் கொஞ்சம் நடக்கத் தொடங்கும்போதுதான் உடல்நலத்தில் பெரிய மாற்றம் தெரியும். ஏற்கெனவே நிறைய செய்பவர் இன்னும் கூட்டினால் கிடைப்பது அதைவிடக் குறைவு.

விடுபட்டுப் போகிறவர்கள் யார் என்பதும் பெரும்பாலும் தெரிந்த விஷயம்தான். 2022 கணக்கில் போதிய இயக்கம் இல்லாத பெண்கள் 34 சதவீதம், ஆண்கள் 29 சதவீதம். 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிலோ, 2016 கணக்குப்படி, ஐந்தில் நாலு பேர். வயதானவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் இத்தகைய முயற்சிகளில் பெரும்பாலும் மறந்தே போகிறோம். இவர்களில் ஒரு கூட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

3. முதலில் கேளுங்கள்

அரைத் தாளில் நாலு கேள்வி போதும். போன வாரம் எத்தனை நாள் மூச்சு வாங்கும் அளவுக்கு நடந்தீர்கள் அல்லது வேலை செய்தீர்கள்? அந்த நாட்களில் சுமார் எத்தனை நிமிடம்? நடக்கத் தடையாக இருப்பது எது? எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவரும்? பெயர் எழுதச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பெரும்பாலோர் முதலில் நேரம் இல்லை என்றுதான் எழுதுவார்கள். அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டால், இருட்டில் வரப் பயம், நாய், முழங்கால் வலி, குழந்தையை யார் பார்ப்பது, தனியாக நடந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று உண்மை வெளியே வரும். விளக்குப் போட்டால் தீருகிற பிரச்சினைக்கு ஊக்கப் பேச்சாளரை அழைத்து வருவதில் அர்த்தம் இல்லை.

4. இடத்தை மாற்றுங்கள், ஆளை அல்ல

லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததை பிரிட்டன் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸும் அவருடைய குழுவினரும் 1953இல் வெளியிட்டார்கள். ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தார்கள் என்பதையும் சீருடை அளவுகளை வைத்துப் பின்னர் அதே ஆய்வுக் குழுவினரே காட்டினார்கள். ஆகவே வித்தியாசம் முழுவதும் படியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அந்த நடத்துநர்களிடம் யாரும் உடற்பயிற்சி செய்யச் சொல்லவில்லை. அவர்கள் வேலையே அவர்களை நடக்க வைத்தது.

அதையே நீங்களும் செய்யுங்கள். லிஃப்ட் பொத்தானுக்குப் பக்கத்தில், படி எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்ட அறிவிப்பை ஒட்டுங்கள். ஒட்டும் முன் படிக்கட்டைப் பெருக்கி, எரியாத விளக்கை மாற்றிவிடுங்கள். வாரத்தில் ஒரு கூட்டத்தையாவது நடந்துகொண்டே பேசும்படி வையுங்கள். பள்ளி என்றால் பாடவேளைக்கு நடுவே பிள்ளைகளை 15 நிமிடம் ஓடவோ நடக்கவோ விடுங்கள். 2012இல் ஸ்காட்லாந்தின் ஒரு தொடக்கப் பள்ளியில் இப்படித் தொடங்கியதுதான் பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. சீருடை மாற்ற வேண்டாம், போட்டி கிடையாது என்பதால் எளிதாகப் பரவியது.

5. நடைக்குழு தொடங்குங்கள்

செலவே இல்லாதது இது. அதனாலேயே அலட்சியமாகச் செய்து பாதியில் நின்றுவிடுவதும் உண்டு.

நேரத்தையும் புறப்படும் இடத்தையும் ஒருமுறை வைத்துவிட்டால் மாற்றாதீர்கள். ஒவ்வொரு வாரமும் வாட்ஸ்அப் குழுவில் எப்போது வைக்கலாம் என்று கேட்கத் தொடங்கினால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். பாதை வளையமாக இருக்கட்டும், நடுவில் விலகிப் போக ஒரு குறுக்கு வழியும் இருக்கட்டும். முதல் நாள் 20 நிமிடம் போதும்.

முன்னால் போக ஆள் தானாகக் கிடைப்பார். கடைசியில் வர ஒருவரை நீங்கள்தான் நியமிக்க வேண்டும். எல்லோரையும்விட மெதுவாக நடப்பவரோடு சேர்ந்து நடப்பதுதான் அவருடைய ஒரே வேலை. அந்த மெதுவான ஆளுக்கு, நம்மால் மற்றவர்களுக்குத் தாமதம் என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஆளே அவர்தான்!

நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

6. எண்ணுங்கள்

வந்தவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, போன மாதம் வந்தவர்களில் இந்த மாதமும் வருபவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்து அதே அரைத் தாளை மறுபடி கொடுங்கள். வராமல் போனவர்களிடமும் கொடுங்கள், அவர்கள் எழுதுவதுதான் அதிகம் உதவும். எடை பார்க்கும் கருவியைக் கொண்டுவராதீர்கள். எடை குறையாவிட்டாலும் ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் நடை உதவுகிறது.

7. அதிகாரத்தில் இருப்பவர்களிடம் போங்கள்

நடைபாதை இல்லாத சாலையை நடைக்குழு சரிசெய்ய முடியாது. இதற்கு உள்ளாட்சிதான் வழி. முன்மாதிரி கேட்டால் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவைச் சொல்லுங்கள். 1974இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி அங்கே இன்றும் ஞாயிறு, விடுமுறை நாட்களில் 100 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் அவ்வளவு கேட்க வேண்டாம். ஒரு தெரு, ஒரு ஞாயிறு, காலை மூன்று மணிநேரம் என்று கேளுங்கள். மனுவில் எந்த முனையிலிருந்து எந்த முனைவரை, ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும், முனைகளில் நிற்கப் போகும் தன்னார்வலர்கள் எத்தனை பேர் என்பதை எழுதி, வரைபடம் ஒன்றையும், அரைத் தாள்களில் கிடைத்த பதில்களின் தொகுப்பையும் இணைத்துக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.