ஓசூர்ப் பக்கம் பழைய தொழிலாளிகளிடம் கதை கேட்டு எழுதுவது எப்படி

ஓசூர் சிப்காட்டில் லேத் மிஷினில் நின்றே நரைத்தவன் நான். ரிட்டையர் ஆனபிறகு, கூட வேலை பார்த்தவர்களைத் தேடிப்போய்ப் பேசி நோட்டில் எழுதி வைக்கிறேன். இப்போது காலேஜ் பிள்ளைகள் சிலரும் இதற்குக் கிளம்பியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அவர்கள் எழுதி வருவதைப் பார்த்தால் 1886 சிகாகோ எட்டு மணிநேர வேலைப் போராட்டம், 1918-இல் பி.பி. வாடியா தலைமையில் வந்த சென்னை தொழிலாளர் சங்கம், 1923-இல் சிங்காரவேலர் கடற்கரையில் நடத்திய மே தினம் என்று ஓடி, ஓசூர் வந்து சேர்வதற்குள் நோட்டு தீர்ந்துவிடுகிறது. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. முன்கதை வேண்டுமென்றால் தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டிக்குப் போய் வாருங்கள். 1908 பிப்ரவரியில் வ.உ.சி.யோடு சேர்ந்து தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை நடத்திய சுப்பிரமணிய சிவா, 1925-இல் கண்மூடியது அங்கேதான். அதை ஒரு பத்தியில் எழுதிவிட்டு உங்கள் ஆளிடம் வாருங்கள்.

போனதும் "போராட்டத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். மேடையில் கேட்ட பேச்சையே திருப்பிச் சொல்வார்கள். "மொத மாசச் சம்பளம் எவ்வளவுண்ணே? யார் கூட்டிட்டு வந்து சேர்த்துவிட்டாங்க? எந்தக் கேட்ல நின்னீங்க?" என்று கேளுங்கள். சம்பளம் மட்டும் யாருக்கும் மறப்பதில்லை. பிறகு, பேப்பர் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்லப்பா" என்பார். வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் டிரங்குப் பெட்டியிலிருந்து மஞ்சள் பை வரும். அதில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, சங்கச் சந்தா ரசீது, கம்பெனி குற்றம் சாட்டிக் கொடுத்த சார்ஜ் ஷீட், கம்பெனி வாசலில் சங்கம் போட்ட கேட் மீட்டிங் நோட்டீஸ் எல்லாம் கிடக்கும். எதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கேயே முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுங்கள். பின்பக்கத்தில்தான் கடன் கணக்கு இருக்கும்.

நோட்டீஸில் தேதியும் கிழமையும் இருக்கும், வருடம் இருக்காது. "மே 1 செவ்வாய்" என்று போட்டிருந்தால், 1975-க்கும் 2000-க்கும் இடையில் என்றால் 1979, 1984, 1990 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். மற்றதை ஆளிடம் கேட்டு முடிவு செய்யலாம். முகவரியும் கைகொடுக்கும். "சேலம் மாவட்டம், ஓசூர்" என்றால் 1965 அக்டோபருக்கு முந்தியது. "தர்மபுரி மாவட்டம்" என்றால் அதற்குப் பிந்தியது, 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரைக்கும். பழைய லெட்டர்பேடு தீரும்வரை ஓட்டியவர்களும் உண்டு, அதனால் இதை மட்டும் நம்பிவிட வேண்டாம். வாய்மொழியில் வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். இந்திராகாந்தியைச் சுட்டதற்கு முன்னாடியா, எம்.ஜி.ஆர். செத்ததற்குப் பின்னாடியா என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். முதலாவது 1984 அக்டோபர், இரண்டாவது 1987 டிசம்பர்.

கட்டாயம் கேட்க வேண்டியது 480 நாள் கதை. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்திருந்தால் நிரந்தரம் என்று தமிழ்நாட்டில் 1981-இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கணக்கு நெருங்கும்போதெல்லாம் ஆளை நிறுத்துவதும், கொஞ்ச நாள் கழித்துப் புது ஆர்டரில் எடுப்பதும் பல இடத்தில் நடந்தது. அதை 'பிரேக்' என்போம். "உங்களுக்கு எத்தனை பிரேக்?" என்று கேட்டால் ஆள் நிமிர்ந்து உட்காருவார். சூளகிரிப் பக்கம் ஒருவர் வீட்டில் பழைய மாதக் காலண்டர்களைப் பார்த்தேன். டியூட்டி போன நாளெல்லாம் பேனாவில் வட்டம், அதே கட்டத்தின் ஓரத்தில் பால் கணக்கு. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை எழுதி அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். 470-ஐத் தாண்டியதும் வட்டம் நின்றுவிட்டது, பால் கணக்கு மட்டும் ஓடுகிறது. அடுத்த மாதத்திலிருந்து அதுவும் அரை லிட்டர், கால் லிட்டராகிவிட்டது.

ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தால் "பன்னெண்டு மூணா, பதினெட்டு ஒண்ணா?" என்று கேளுங்கள். 2025 நவம்பர் வரை இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தின் பிரிவுகள் அவை. சமரச அதிகாரி முன்னால் போட்ட 12(3) ஒப்பந்தம் கம்பெனியில் உள்ள எல்லாரையும் கட்டுப்படுத்தியது. சமரச அதிகாரி இல்லாமல் நேரடியாகப் போட்ட 18(1) கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. கம்பெனிக்குள் ஒரே ஷாப்பில் (பிரிவில்) இரண்டு சம்பளம் எப்படி வந்தது, இரண்டு சங்கத்துக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் இதில் பிடிபடும். வழக்கு தொழிலாளர் நீதிமன்றம் வரை போயிருந்தால் ஐ.டி. நம்பரை, அதாவது தொழில் தகராறு வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு அரசிதழில் வந்திருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

சங்க ரிஜிஸ்டரை மட்டும் நம்பினால் பாதிப்பேர் விட்டுப்போவார்கள். கிருஷ்ணகிரியில் புளி தட்டும் பெண்கள், சீசனுக்கு மாங்கூழ் கம்பெனிக்குப் போகிறவர்கள், கல் குவாரி ஆட்கள் யாரும் அதில் கிடையாது. புளி தட்டுகிறவர்களிடம் மாதச் சம்பளம் கேட்டால் சிரிப்பார்கள். கிலோவுக்கு என்ன கூலி, கொட்டை யாருக்கு, எடை போட்டது யார் என்று கேளுங்கள். குவாரியில் "கொத்தடிமையா இருந்தீங்களா?" என்று கேட்டால் மானப் பிரச்சினையாகிவிடும். "அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினீங்க, எப்பக் கழிஞ்சது?" என்றால் போதும், தானாகச் சொல்வார்கள். 1976 சட்டப்படி விடுதலைச் சான்று வாங்கியவர் என்றால் அந்தக் காகிதத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கோ கன்னடமோ தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். தமிழில் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் சூப்பர்வைசரைத் திட்டிய கதை வீட்டு மொழியில்தான் வரும். போகும் நேரம் முக்கியம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரைக் காலையில் எழுப்பாதீர்கள்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கே படித்துக் காட்டுங்கள். மகன் அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் இருப்பான். பெயர் வேண்டாம் என்றால் பெயரை மட்டும் எடுத்தால் போதாது. "ஹீட் ட்ரீட்மென்ட், செகண்ட் ஷிஃப்ட், பாகலூர்க்காரர்" என்று எழுதினாலே கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிகூட ஆளைச் சொல்லிவிடுவார். ஷாப், ஊர் இரண்டையும் மாற்றுங்கள். போட்டோவில் டோக்கன் நம்பர் (கம்பெனி கொடுத்த ஆள் எண்) தெரிந்தால் அதையும் மறைத்துவிடுங்கள்.