நாய் வளர்க்கும் பக்கத்து வீட்டாரிடம் பேசப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் புதிதாகச் சங்கம் தொடங்கிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து, செயலாளர் ஒருவர் எனக்கு ஓர் அறிவிப்பின் வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்டார். நாய் வளர்ப்போருக்கான விதிகள். முதல் வரியே, 'நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது. மீறுவோருக்கு அபராதம் விதிக்கப்படும்.' படித்ததும் எரிச்சல்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கமும் ஏறத்தாழ இதே சொற்களில் ஒரு தாளை ஒட்டியது. அதற்கான விலையை வழக்கறிஞர் கட்டணமாகக் கட்டியது. அப்போது நான் பொருளாளர். காசோலையில் இருந்தது என் கையெழுத்து.

கத்தாதீர்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தோடு புறப்படுகிறவர்களும் சறுக்குகிற இடங்கள் வேறு.

செல்லாத விதிக்காகச் சண்டைக்குப் போவது

எங்கள் தீர்மானம் பொதுக்குழுவில் கைதூக்கி நிறைவேறியது. காரணம் அற்பமானதில்லை. இருந்தது ஒரே லிஃப்ட். காலை ஏழரை மணிக்குப் பள்ளிப் பைகளோடு பிள்ளைகள், நடுவில் மழையில் நனைந்த ஒரு நாய். நாயைக் கண்டால் உடல் நடுங்குகிறவர்கள் எங்கள் கட்டடத்தில் இருந்தார்கள். அந்த அச்சத்தைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் தீர்மானம் முதலில் யார்மீது பாய்ந்தது? நான்காம் மாடியில் இருந்த முதியவர்மீது. அவருடைய நாய்க்கும் வயதாகிவிட்டது, பின்னங்கால் மடங்காது, படி ஏறாது. அது குரைத்து நான் கேட்டதில்லை. செயற்குழு உறுப்பினர் ஒருவர் லிஃப்ட் கதவை மறித்து நின்று, "தீர்மானம் போட்டாகிவிட்டது சார், படியில் போங்கள்" என்றார். முதியவர் பதில் பேசவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு படியேறினார். சில நாள்களில் அவர் மகள் வழக்கறிஞர் வழியாக நோட்டீஸ் அனுப்பினார்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலை நோட்டீஸ் வரிவரியாக எடுத்துக்காட்டியது. பெரும்பான்மையோர் வாக்களித்தாலும், துணைவிதிகளையே திருத்தினாலும், சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. சிறிய நாய் என்றால் சரி, பெரிய நாய் என்றால் கூடாது என்று சொல்ல முடியாது. லிஃப்டை மறுக்க முடியாது, அதற்காகத் தனிக் கட்டணமும் வாங்க முடியாது. ஒன்றுக்கு மேல் லிஃப்ட் இருந்தால் எதைப் பயன்படுத்துவது என்று மட்டும் சொல்லலாம். எங்களிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று.

வாரியத்தின் வழிகாட்டுதல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல, நீதிமன்றத்தில் வாதாடிப் பார்க்கலாம் என்றார் எங்கள் வழக்கறிஞர். வாதாடுவதற்கான கட்டணத்தையும் அதே மூச்சில் சொன்னார். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றோம். பின்னர் 2021-இல் கேரள உயர் நீதிமன்றம், குடியிருப்புகளில் வளர்ப்பு விலங்குகளைத் தடை செய்யும் துணைவிதிகள் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. வழக்கை நடத்தியிருந்தால் இன்னும் எத்தனை காசோலைகளில் கையெழுத்துப் போட்டிருப்பேனோ.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பின் நடந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இரண்டாம் மாடியில் ஒருவர், நன்றாக வளர்ந்த லாப்ரடார் நாயை மாலை வேளையில் கார் நிறுத்துமிடத்தில் சங்கிலி இல்லாமல் ஓடவிடுவார். அது கடிக்கிற நாய் இல்லை. கொஞ்ச வரும். ஆனால் முப்பது கிலோ எடை பாய்ந்து வரும்போது, அது கொஞ்ச வருகிறதா கடிக்க வருகிறதா என்று எட்டு வயதுப் பையன் நின்று யோசிக்க மாட்டான். சைக்கிளைத் திருப்பினான், தூணில் மோதினான், மணிக்கட்டு எலும்பு விரிசல் கண்டது. போய்க் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட் விதி மாதிரி இதுவும் செல்லாத விதிதானே?"

செல்லாத விதி இல்லை. பொது இடங்களில் நாயைச் சங்கிலியில் பிடித்துச் செல்லும்படி அதே வாரியம் அறிவுறுத்துகிறது. சென்னை மாநகராட்சியும் வலியுறுத்துகிறது. குறிப்பாக 2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, சங்கிலி, வாய்மூடி என்ற பேச்சு எல்லாக் குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் எங்கள் கட்டடத்தில் அதைச் சொல்லும் தகுதியைச் சங்கம் இழந்திருந்தது. ஒரு செல்லாத விதியைப் போட்டு, செல்லுகிற விதியையும் செல்லாக்காசாக்கிக்கொண்டோம்.

ஆகவே யார் வீட்டு வாசலுக்கும் போவதற்கு முன், நீங்கள் சொல்லப்போகும் விதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மாநகராட்சி உரிமம் கட்டாயம். கட்டணம் வெறும் 50 ரூபாய். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் மாநகராட்சி அறிவித்தது. இவற்றையும் சங்கிலியையும் அழுத்தமாகக் கேட்கலாம். நாய் அசுத்தம் செய்த இடத்தைச் சுத்தம் செய்வது வேறு வகை. அதற்குச் சங்கம் தன்னிச்சையாக அபராதம் போட முடியாது, வேண்டுகோள்தான் விடுக்கலாம் என்கிறது வாரியம். எனக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்காக இருக்கிறதை இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் கட்டடத்தில் பின்பக்கச் சுவரோரம் ஒரு மூடியுள்ள தொட்டியும் பழைய நாளிதழ்க் கட்டும் வைத்தோம். அறிவிப்புப் பலகை சாதிக்காததை அந்தக் கட்டு ஓரளவு சாதித்தது.

இடையில் ஒன்று. நாய் கார் சக்கரத்தில் சிறுநீர் கழித்ததற்காக வந்த புகார்கள், நாய் குழந்தையைத் துரத்தியதற்காக வந்தவற்றைவிட எப்போதுமே அதிகம். எதற்குப் பேசப் போகிறோம் என்பதில் ஒரு வரிசை இருக்க வேண்டும். சக்கரம் காத்திருக்கும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அவிழ்த்துவிட்ட நாய் காத்திருக்காது. அதை அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே பேசிவிட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது

மாடிப்படியில் கிடந்த கழிவைப் படம் எடுத்து, 'இது எந்த வீட்டு வேலை?' என்று குழுவில் போடுகிறார்கள். எந்த வீடு என்பது போடுகிறவருக்கும் தெரியும், பார்க்கிற அனைவருக்கும் தெரியும். அதன்பின் நாய் வளர்ப்பவர்கள் ஓர் அணி, வளர்க்காதவர்கள் ஓர் அணி. நள்ளிரவுக்குள் பேச்சு நாயை விட்டு யார் வீட்டில் மீன் வறுக்கும் வாசனை வருகிறது என்பதற்குப் போய்விடும். கடைசிவரை அந்தப் படிக்கட்டைத் துடைப்பவர் துப்புரவுப் பணியாளர் அம்மாதான்.

குழுவில் அவமானப்பட்டவர் திருந்தி நான் பார்த்ததில்லை. நேரில் சொன்னபோது, 'அப்படியா, நான் கவனிக்கவில்லையே' என்று கையோடு வந்து துடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் உண்மையிலேயே கவனிக்காமல் இருந்தாரா என்று ஆராய வேண்டாம். அந்தப் பொய்க்கு இடம் கொடுப்பதால்தான் நேர்ப் பேச்சு வேலை செய்கிறது. நானூறு பேர் பார்க்கிற திரையில் அந்த இடம் கிடையாது.

நாயைக் கையில் பிடித்திருப்பவரிடம் பேசுவது

தவறு கண்முன்னே நடக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று கை துடிக்கும். பொறுங்கள். உங்கள் குரல் உயர்ந்தால் நாய் விறைக்கும், சங்கிலியை இழுக்கும், குரைக்கும். அவர் கவனம் முழுவதும் நாயை அடக்குவதில் இருக்கும். நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் காதில் ஏறாது. ஆபத்து என்றால் மட்டும், "கொஞ்சம் சங்கிலியைப் போட்டுவிடுங்கள்" என்று ஒரே வரி. மீதியை நாய் வீட்டுக்குள் போன பிறகு, அவர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். கதவைத் திறந்ததும் உள்ளே வரச் சொன்னால் போய் உட்காருங்கள். வாசலில் நின்று பேசுவதை எதிர்வீட்டார் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதுவும் வாட்ஸ்அப் குழுதான், கொஞ்சம் சிறியது.

போகும்போது துணைக்கு ஆள் சேர்க்காதீர்கள். செயற்குழு மொத்தமும் திரண்டு வாசலில் நின்றால் அது விசாரணை.

வேலைக்காரப் பெண்ணைத் திட்டுவது

காலையில் நாயை வெளியே கூட்டிப் போவது பல வீடுகளில் சமையலுக்கோ துடைப்பதற்கோ வந்த பெண். அவருக்கு அந்த நாயைப் பிடிக்கவும் பிடிக்காது, அதற்கென்று தனிச் சம்பளமும் இருக்காது. நாய் இழுத்தால் அவரும் பின்னால் ஓடுவார். அவரை நிறுத்தி வைத்துக் கேட்பது எளிது. அதனால்தான் எல்லாரும் அவரைக் கேட்கிறார்கள். வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

காவலாளியை அனுப்புவது

வேண்டாம். அவர் வேலை போய்விடும்.

குரைப்பைப் பற்றி இரவில் புகார் சொல்வது

பகல் முழுவதும் குரைக்கிற நாயின் வீட்டுக்காரர், தம் நாய் குரைப்பதே இல்லை என்று சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போது அது குரைப்பதில்லை. அவர் அலுவலகம் போன பிறகு தனிமையில் கத்துகிறது. தூக்கம் கெட்ட கோபத்தோடு இரவு பத்து மணிக்குப் போய்ச் சண்டை போட்டால், காலடியில் சாதுவாகப் படுத்திருக்கும் நாயைக் காட்டி உங்களைத்தான் விநோதமாகப் பார்ப்பார்.

பகலில் நேரம் குறித்துச் சில ஒலிப்பதிவுகள் எடுத்துவையுங்கள். விடுமுறை நாளில் போய், "உங்கள் நாய் தனியாகத் தவிக்கிறது போலிருக்கிறது" என்று தொடங்கி, போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலோர் முகம் வாடிவிடும். பால்கனியில் அடைத்துவைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அதுவும் சித்திரை வெயிலில். நாயை எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்து நடமாடவே விடாமல் இருப்பது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். ஆனால் அதைச் சொல்லி மிரட்ட நினைக்காதீர்கள். முதல் முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். எதிராளி கூகுளில் தேடிப் பார்த்துவிட்டால் உங்கள் மிரட்டல் அங்கேயே முடிந்தது. குரைப்பைக் காரணம் காட்டி நாயை வெளியேற்றவும் முடியாது.

தெருநாய்க்குச் சோறு வைப்பவரையும் இதே பட்டியலில் சேர்ப்பது

அது வேறு வழக்கு, வேறு விதி. 2023-இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி, குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து விலகிய ஓர் இடத்தை உணவு வைக்க ஒதுக்க வேண்டிய பொறுப்பு சங்கத்துக்கே இருக்கிறது. நீங்கள் இடம் ஒதுக்காமல், சோற்றை வாசலில் வைக்கிறார் என்று அவரைத் திட்டினால், விதியை மீறியவர் நீங்கள்.

வாடகைக்கு இருப்பவர் என்றால் நேராக வீட்டு உரிமையாளருக்குப் போன் செய்வது

கோழைத்தனம். முதலில் குடியிருப்பவரிடம் பேசுங்கள்.

'மருந்து வைத்துவிடுவேன்' என்று சொல்வது

கோபத்தில்கூட வாயில் வரக் கூடாது. விலங்கை நஞ்சிட்டுக் கொல்வது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். அந்த நாய் பிறகு சிறுநீரகம் கெட்டுச் செத்தாலும், போலீசார் முதலில் அடிக்கப்போவது உங்கள் வீட்டு மணியை.

கடித்த பிறகும் பேசிப் பார்ப்பது

அண்டை வீடு, முகம் முறிக்கக் கூடாது என்று ஒரு நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தயக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம்" என்ற ஆறுதலை நம்பி ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு எழுத்தில் புகார் கொடுங்கள், சங்கத்துக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று. நாயைக் கவனமின்றி வைத்திருந்து மனிதருக்கு ஆபத்து நேரவிட்டவர்மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுப்பதா வேண்டாமா என்பது கடிபட்டவர் வீட்டாரின் முடிவு. சமாதானம் பேசச் சங்கம் நடுவில் போய் நிற்க வேண்டாம்.

சங்கம் செய்ய வேண்டியது அதற்கு வெகு முன்னால் இருக்கிறது. உரிம நகலும் தடுப்பூசிச் சான்றும் கோப்பில் இருந்தால், இரவு பதினோரு மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டி அவற்றைக் கேட்டு நிற்க வேண்டியிருக்காது. குடிவருபவரிடம் கார் எண்ணும் அவசரத் தொடர்பு எண்ணும் வாங்கும் அதே படிவத்தில் இதற்கும் இரண்டு வரி போதும்.