சினிமாவைக் கேலி செய்யும் போலந்துப் படங்கள்: முன்னுரை பேசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைப்படக் கழகங்களில் முன்னுரை பேச வரும் புதியவர்கள், சினிமா எடுப்பவர்களையே கேலிக்கு உள்ளாக்கும் போலந்து நகைச்சுவைப் படங்களை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தொடக்கத்தில் எங்கள் தலைமுறை பேசிய அதே பிழைகளை அவர்களும் அட்சரம் பிசகாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. படத்தைப் பார்க்காமல் பேசுவது, முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது போன்றவற்றை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்துக்குப் பணம் யாருடையது என்று கேட்காமல் விடுவது

போலந்துப் படம் என்றாலே கம்யூனிச அரசையும் தணிக்கையையும் இழுத்து வந்து நிறுத்துவது ஒரு வழக்கமாகிவிட்டது. இந்தத் தவறுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் இது ஒரு முழுக் காட்சியையே பாழாக்கிவிடும்.

மாரெக் கோதெர்ஸ்கி 1995இல் எடுத்த 'நித்ஸ் ஷ்மியெஷ்னெகோ' படத்துக்கு ஓர் இளைஞர் முன்னுரை பேசியதைக் கேட்டேன். பிணவறையில் கிடத்தப்பட்டிருக்கும் ஆதாம் மியௌச்சிஞ்ஸ்கி என்ற இயக்குநர், தோற்றுப்போன தன் வாழ்க்கையைத் தானே சொல்லிப் புலம்பும் படம் அது. இளைஞரோ, அதிகாரம் நசுக்கிய ஒரு கலைஞனின் கதை என்று நெடுநேரம் உருக்கமாக விளக்கிவிட்டு அமர்ந்தார். விளைவு என்னவென்றால், கொடிய அதிகாரி எப்போது திரையில் தோன்றுவார் என்று அரங்கமே காத்திருந்தது. போர்ப் படம் ஒன்றுக்காகப் பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சி மியௌச்சிஞ்ஸ்கியின் பொறுப்பில் கெட்டுப்போகிறது; வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய அந்த இடத்தில், இது யாருடைய சதி என்று என் பின்வரிசையில் ஒருவர் மற்றவரிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். கம்யூனிச ஆட்சி முடிந்த பிறகு எடுத்த படம் அது; அங்கே சதி எதுவும் கிடையாது. தன்னைப் பெரிய கலைஞனாக எண்ணிக்கொண்டு, தொட்டதெல்லாம் கைநழுவிப்போவதைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலும் நிம்மதி இல்லாமல் திண்டாடும் ஒரு மனிதன்தான் இருக்கிறான்.

ஆகவே முன்னுரை எழுத உட்காருமுன், இந்தக் கதையில் சினிமாவுக்குப் படியளப்பவர் யார் என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாரெக் பிவோவ்ஸ்கியின் 'ரெய்ஸ்' (1970) படத்தில், விஸ்துலா நதிக் கப்பலில் பயணம் செய்யும் பொறியாளர் மமோன், போலந்துப் படங்களைப் பற்றிச் சலித்துக்கொள்ளும் புகழ்பெற்ற உரையாடல் ஒன்று உண்டு. எதுவுமே நடப்பதில்லை, வசனம் மோசம், நடிகன் சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டு அங்கும் இங்கும் பார்க்கிறான் என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பேச்சு, இதற்கெல்லாம் காசு கொடுப்பது நாம்தானே என்ற இடத்தில் வந்து நிற்கிறது. அரசுப் பணத்தில் மட்டுமே படம் எடுக்கப்பட்ட நாட்டில் அந்த வரியின் கூர்மையை விளக்க வேண்டியதே இல்லை.

ஸ்தானிஸ்வாவ் பரேயாவின் 'மீஷ்' படம், அரசுக்குக் கட்டுப்படாத தொழிற்சங்கமான சொலிடாரிட்டி இயக்கம் சட்டப்படி செயல்பட்ட குறுகிய காலத்தில், இராணுவச் சட்டம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1981 மே மாதத்தில் திரைக்கு வந்தது. அதன் நாயகன் ஒஹூத்ஸ்கி ஒரு விளையாட்டுக் கழகத்தின் தலைவர். பாஸ்போர்ட்டில் தாள்கள் கிழிக்கப்பட்டதால் எல்லையில் தடுத்து நிறுத்தப்படும் அவர், லண்டன் வங்கியில் கிடக்கும் பணத்தை முன்னாள் மனைவியை முந்திக்கொண்டு சென்று எடுத்துவிடத் துடிக்கிறார். தன்னைப் போலவே முகம் கொண்ட ஒருவனைக் கண்டுபிடித்து அவன் பெயரில் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அதற்காகத் தயாரிப்பு மேலாளரான நண்பனைப் பிடித்து, அத்தகைய முகம் தேவைப்படும் ஒரு படத்தையே தொடங்கவைக்கிறார். கடைசியில் அகப்படுபவன் ஒரு நிலக்கரித் தொழிலாளி. ஒரு தனிமனிதனின் வங்கிக் கணக்குக்காக ஊர்ப் பணத்தில் ஒரு சினிமாவே கிளம்புகிறது என்பதுதான் அங்கே நையாண்டி. இந்தப் படத்துக்கு அரசைப் பற்றிப் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள்.

2003இல் திரைக்கு வந்த யூலியுஷ் மஹுல்ஸ்கியின் 'சூப்பர்ப்ரொதுக்த்ஸ்யா' படத்திலோ, எல்லாப் படங்களையும் கிழித்தெறியும் ஓர் இளம் விமர்சகனைப் பிடித்துவந்து படம் இயக்கச் சொல்லி மிரட்டுபவன் ஒரு தாதா. தணிக்கை அலுவலகம் 1990இலேயே மூடப்பட்டுவிட்டது. பணப்பெட்டி கைமாறியதும் கேலியின் இலக்கும் மாறிவிட்டது. இந்த மாற்றத்தைச் சொல்லாத முன்னுரை, பார்வையாளரைத் தவறான ரயிலில் ஏற்றிவிடுகிறது.

ஒரே பெயர் என்பதால் தொடர்கதை என்று நம்புவது

மியௌச்சிஞ்ஸ்கி என்ற பெயர் கோதெர்ஸ்கியின் பல படங்களில் வருகிறது. நடிகரும் தொழிலும் மாறுகின்றன. 1995இல் த்செசாரி பசூரா நடித்த இயக்குநர், 2002இன் 'ஜியென் ஷ்வீரா'வில் மாரெக் கோந்த்ராத் நடித்த மொழியாசிரியராகிறார். 2018இல் அந்தப் பெயரை ஏற்றவர் கோதெர்ஸ்கியின் மகனே. எனவே முந்தைய படத்தைப் பார்த்திருந்தால்தான் இது புரியும் என்று யாரையும் அச்சுறுத்த வேண்டாம். ஒரே மனக்காயத்தை வெவ்வேறு மனிதர்களிடம் வைத்துப் பார்க்கும் முறை அது என்பதே என் கணிப்பு.

நாயகனே இயக்குநர் என்று தீர்ப்பளிப்பது

கோதெர்ஸ்கி தன் வாழ்விலிருந்து எடுத்திருக்கலாம். எந்தக் காட்சி உண்மை என்று துப்பறிவது நம் வேலை இல்லை.

'ரெய்ஸ்' படத்தை முதலில் திரையிடுவது

வேண்டாம். கதை என்று பிடித்துக்கொள்ள அதில் ஏதுமில்லை. பெரும்பாலும் தொழில்முறை நடிகரல்லாதவர்கள், கூட்டங்கள், தயங்கித் தயங்கி நகரும் பேச்சுகள். அது எனக்கு மிகவும் பிடித்த படம், ஆனாலும் 'மீஷ்' பார்த்துச் சிரித்துப் பழகிய அரங்குக்கே அதைக் காட்டுங்கள்.

பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து உச்சரிப்பது

போலந்தின் புகழ்பெற்ற திரைப்படப் பள்ளி இருக்கும் நகரம் லோட்ஸ் அல்ல, வூச்.